ஈயோசின் மலை

வாரத்தில் ஆறு நாள்
மெழுகில் புதைத்த சதையை மெல்லச் சீவி
சாயம் ஏற்றுவது என் வேலை.
உட்கருவுக்கு ஊதா,
மற்றதற்கெல்லாம் ஈயோசின் என்கிற ரோஸ்.
நிறம் ஏறாத வரை
எந்த டாக்டருக்கும் எதுவும் தெரியாது.
யாருடைய ஈரல் என்று நான் கேட்பதில்லை.
கண்ணாடி ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர்,
அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை
பலகையும் பெயின்ட் டப்பாவுமாய்
பாலாற்றில் இறங்குகிறேன்.
நனைய ஒன்றுமில்லை, மணல்.
இரவெல்லாம் காற்று வரி இழுத்து வைத்திருக்கிறது.
வரி பிரிந்து, கொஞ்ச தூரம் தனியே போய்,
பக்கத்து வரியோடு சேர்ந்துகொள்கிறது.
இதயத் தசை இப்படித்தான் கிளைக்கும்.
பதினேழு வருஷமாய்க் குனிந்தே பார்த்த கண்
ஊரையும் அப்படியே பார்க்கிறது.

எதிரே மலை.
காலை பத்துக்கே அடுப்புக் கல்லாய்ச்
சுடத் தொடங்கிவிடும் மொட்டை மலை.
பழுப்பு அடித்தால் பார்த்த மாதிரி இருக்கும்.
சுட்ட மாதிரி இருக்காது.
ரோஸ் அடித்தேன்.
பாறை இடுக்குக்கெல்லாம் ஊதா.
வானத்துக்கு மஞ்சள்,
அக்னி நட்சத்திரத்தில்
வேலூர் வானத்தை நீலமாய்ப் பார்த்தவர் உண்டா?

மேல்விஷாரம் தோல் ஷாப்புக்குப் போகிற முதஸ்ஸிர்
மொபெட்டைக் கரையில் சாய்த்துவிட்டு வந்தான்.
"இன்னாக்கா, மலை ரோஸா கீது?"
வெயில் என்றேன்.
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான்.
"ட்ரம்முலேர்ந்து தோலை உருவுனா
இதே சுருக்கம்தான்.
ஆனா அது நீலமா இருக்கும்" என்றவன்
எங்கே என்று காட்டப்போய்
ஈரப் பெயின்டில் கட்டைவிரலை அழுத்திவிட்டான்.

திட்டினேன்.
போன பிறகு அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை.
அடிவாரத்தில் ஒரு ரேகை,
மணலில் காற்று இழுத்த அதே ரேகை,
நகக்கண்ணில் ஒட்டிவந்த நீலம் அதில் துளி.
அந்தப் படத்தில் தண்ணீர் என்று சொல்ல
வேறு எதுவும் இல்லை.
அது தண்ணீரும் இல்லை.

திங்கட்கிழமை. 4417.
ரோஸ் தூக்கலாகிவிட்டது,
ஒன்றும் பிரிந்து தெரியவில்லை என்று
டாக்டர் திருப்பி அனுப்பினார்.
மறுபடி சீவினேன்.
கழுவும் தொட்டிக்கு மேலே ஜன்னல்.
ஜன்னலில் மலை
நான் அடித்த நிறத்திலேயே இருந்தது.