பாதிப் பழுத்த நாவல்

கொழிஞ்சாம்பாறையில் கம்பளி நூல் விற்கிறோம்.
சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும்.
சித்திரையில் இங்கே காக்கைகூட
வாயைத் திறந்துகொண்டுதான் உட்காரும்.
கணவாய்க் காற்று
காயப்போட்ட சிட்டத்தை ஒரு மணி நேரத்தில்
உலர்த்தித் தந்துவிட்டுப் போகும்,
கூலி கேட்காது.
அதற்காகத்தான் மாமனார் இங்கே கம்பெனி வைத்தாராம்.
வாங்குகிறவர்கள் எல்லாம் மலைமேல்.

சாயத்தொட்டி மூத்தவர் பீர்முகமது கையில்.
கணக்கும் கடன்காரர்களும் என் வீட்டுக்காரர் பாடு.
மெகராஜ் அக்கா பந்து சுற்றுவாள்,
மோட்டாரை விரல் தொட்டு நிறுத்துவாள், சரியாக ஐம்பது கிராமில்.
தராசு எதற்கு என்றால்
தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

நிறங்களுக்குப் பெயர் வைப்பது நான்.
ரோஜா, கத்தரிப்பூ எல்லாம் எல்லாரும் வைத்தாயிற்று.
வேலந்தாவளம் லாரிப் புழுதி.
பல்லி வயிறு.
சண்டைக்கு மறுநாள் ரசம்.
பாதிப் பழுத்த நாவல்.

அந்த நாவலில்தான் வந்தது வினை.
தேவிகுளம் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில்
இரவுக் காவல் பார்க்கும் இருளப்பன் எழுதியிருந்தார்:
"தூக்கம் வராமலிருக்கப் பின்னக் கற்றுக்கொண்டேன்.
மகளுக்கு ஸ்வெட்டர், ஆறு மாசம் அவளுக்கு.
உடம்பு முடிந்தது. வலது கை முடிந்தது.
இடது கைக்கு ஒரு பந்து.
லாட் எண் 417. வேறு லாட் வேண்டாம்,
ஒரு தடவை ஏமாந்தவன் நான்."

417 தீர்ந்திருந்தது.
அதே பொடி, அதே வினிகர்,
அதே நோட்டில் அதே பக்கம்.
தொட்டியிலிருந்து வந்தது நாவல் இல்லை,
நாவல் தின்ற நாக்கு.

போர்த் தண்ணீரின் உப்பு.
417 தோய்ந்தது ஆழியாறு திறந்து
கால்வாய் ஓடிய வாரத்தில்.
இப்போது கால்வாயில் ஆடுகள் படுத்திருக்கின்றன.
இரண்டு சர்க்கார்கள் கடிதம் போட்டுக்கொள்கின்றன,
எத்தனை கன அடி, எந்தத் தேதி, போன வருஷ பாக்கி என்ன.
நெல்லுக்காக எழுதுகிறார்கள். தென்னைக்காக எழுதுகிறார்கள்.
ஒரு குழந்தையின் இடது கைக்கு
ஒன்றரைக் குடம் என்று
எந்தக் கடிதத்திலும் இல்லை.

தண்ணீர் வரட்டும் என்று நான் எழுதினேன்.
குளிர் வந்துவிட்டது என்று அவர் எழுதினார்.

"யாருக்குத் தெரியும் வித்தியாசம், அனுப்பு" என்றார் என் வீட்டுக்காரர்.
"எனக்குத் தெரியும்" என்றார் மூத்தவர்.
இரண்டு நாள் பேச்சில்லை.
ஒரே வயிற்றில் தோய்ந்தவர்கள்,
லாட்தான் வேறு.
மெகராஜ் அக்கா என்னைப் பார்த்தாள்;
ஆளுக்கொரு பந்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டோம்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்
மூலத்தரையில் ஷட்டர் தூக்கிவிட்டதாகப் பால்காரர் சொன்னார்.
முதலில் நுரை வந்தது, தேங்காய் மட்டை வந்தது,
ஒற்றைச் செருப்பு வந்தது.
மூத்தவர் குடத்தோடு கரையில் நின்றார்.
கலங்கல், வேண்டாம் என்றார்.
மத்தியானமும் வேண்டாம்.
மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து மொண்டார்.

லேபிள் நோட்டில் நான் ஒட்டிவைத்திருந்த
விரல் நீளத் துண்டை
புதுச் சிட்டத்தின் மேல் வைத்து வெயிலில் பார்த்தோம்.
துண்டைத் தேடவேண்டியிருந்தது.
மூத்தவர் "ம்" என்றார்.
என் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்தார், நாலு பேருக்கும்.

லாட் எண் என்ன போட?
417 என்றால் பொய்.
431 என்றால் அந்த மனுஷர் பார்சலைப் பிரிக்கவே மாட்டார்.
"417, இரண்டாம் தண்ணீர்" என்று எழுதினேன்.

பத்து நாளில் பதில்:
"நிறம் அச்சு அசல்.
பிள்ளைதான் பழைய அளவில் இல்லை.
எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன், பெரிதாகப் போடுகிறேன்.
இன்னும் மூன்று பந்து வேண்டும்.
417, இரண்டாம் தண்ணீர்."

கடிதத்தை மடிக்காமலே கால்வாய்க்குப் போனேன்.
முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது.
படியில் மூத்தவர்,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு,
மூன்றாவது குடத்தில்.