நூத்திப் பன்னெண்டாம் பக்கம்

ஊத்துக்குளி தாண்டி பஸ் குலுங்கியபோதுதான்
நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துச் செங்காளியப்பன்
வசனத்தைப் பாதியில் நிறுத்தினான்.

"ஏனுங், போன வாரம் செவ்வாக்கெழமை
மூலைய மடக்கிட்டுப் போனீங்களே,
ஒம்பது நாளாப் பாதித் தென்னையில
கட்டிப்புடிச்சுத் தொங்கறனுங்.
கீழ கடன்காரன்.
அவனுக்கும் காலு மரத்துப் போச்சு."

மன்னிப்புக் கேட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது கெடக்குதுங்.
எழுதுனவரு ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாரு,
கேக்க நாதியில்ல.
ஐநூறு இருந்தா
இந்தப் பக்கத்துலயே வெச்சு மூடுங்,
கடைசிப் பக்கத்துல தந்தர்றேன்."

வைத்தேன்.

பெருந்துறையில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால்
ரூபாயைக் காணோம். ஒரே வரி:
'மீதி இரண்டாம் பதிப்பில்.'

ஏனுங், சிரிக்கறீங்களா?
உங்க சட்டைப் பையில எவ்வளவு இருக்குதுங்?