முதலில் பிரேக்

கரன்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு.
கையில் நாற்பத்தோராயிரம்.
எண்பத்தெட்டு மாடல் கான்டெஸா
கொண்டலாம்பட்டி ஷெட்டில்
பானெட்டைத் திறந்தபடி
பல் டாக்டரிடம் வந்தது போல் நிற்கிறது.

இசுசு எஞ்சின், ஒன்றே கால் லட்சம்.
அடித்துவிட்டேன்.
அலாய் வீல்.
அடித்தேன், பென்சிலில் மறுபடி எழுதினேன்,
மறுபடி அடித்தேன்.

"ஏற்காட்டுக்கு இப்பவே ஏத்திடலாம்ணே"
என்கிறான் ஜபருல்லா, கையைத் துடைத்தபடி.
"இருபது கொண்டை ஊசியும் இறங்கணுமே."

டிஸ்க் பிரேக், பத்தொன்பது.
ரேடியேட்டர், ஆறரை.
டயர் நான்கு இல்லை, இரண்டு.
பெயின்ட்டைச் சுற்றி
ஒரு வட்டம் மட்டும். தீபாவளி போனஸ் வரட்டும்.

லீ பஜார் பக்கம் போனபோது
இரட்டை ஹார்ன் வாங்கிவிட்டேன்.
சீட்டுக்கடியில் இருக்கிறது.
கணக்கில் இல்லை.