வெளிப்பக்கம்

காலை ஆறு மணி. ஜனவரி.
தார்த்துவில் விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.
பனி அப்பிய காலணியை வாசலில் கழற்றிவிட்டு
பையைத் திறக்கிறேன்:
என் செருப்பு, என் துண்டு, என் பாய், என் தண்ணீர்.
ஒரு மணி நேரத்துக்குத்தான் வருகிறேன்,
தட்டுமுட்டுச் சாமானோடு குடிவருகிறவள் மாதிரி.

இந்த நேரத்தில் ஜிம்மில்
லூத்மிலாவும் அவள் வாளியும் மட்டும்.
ஈரத் தரையைக் காட்டி
சுவரோரமாகப் போ என்கிறாள் ரஷ்ய மொழியில்.
போகிறேன்.

பதினான்கு மாதம் ஆயிற்று.
வலது அடிவயிற்றில், கை வைத்தால் தட்டுப்படும் ஆழத்தில்
யாருடையதோ ஒரு சிறுநீரகம்.
ஆணா பெண்ணா, சொல்லமாட்டார்கள்.
எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
"நல்ல இடம்" என்கிற முகத்தோடு
"நல்ல சிறுநீரகம்" என்றார் டாக்டர் ஹெல்யூ,
பெண் பார்த்துவிட்டு வந்தவர்போல.

வந்த விருந்தாளியைக் கடித்துவிடக் கூடாதே என்று
வீட்டு நாய்க்குத் தூக்க மாத்திரை,
காலை எட்டுக்கு, இரவு எட்டுக்கு.
நாய் தூங்குகிறது.
இனி எந்தத் திருடனும்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வரலாம்.

ஆகவே துடைக்கிறேன்.
உட்காரும் முன், எழுந்த பின்.
கம்பியின் சொரசொரப்புக்குள்
நேற்று மாலையின் கைகள் அத்தனையும் இருக்கின்றன.
மருந்து காயும்வரை காத்திருக்க வேண்டும், ஈரத்தில் தொடக் கூடாது.
அந்த ஒரு நிமிடத்தில்தான் மூக்கு அரிக்கும்.
அரிக்கட்டும்.
முப்பது கிலோவை எட்டு முறை தூக்கிவிடலாம்.
முகத்துக்குப் போகும் கையை
முட்டியிலேயே நிறுத்திவைப்பது
வேறு பளு.

சௌனாவின் மரக்கதவு இடப்பக்கம்.
என் தாளில் அதற்கு நேரே "இன்னும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது.
கதவிடுக்கில் கசியும் பிர்ச் இலை வாசனையை
இரண்டு மூச்சு
கடன் வாங்கிக்கொண்டு நகர்கிறேன்.

தவுரி ஆறரைக்கு வருவான்.
ஆற்றில் துடுப்புப் படகு ஓட்டுகிறவன், கதவளவு முதுகு.
எழுந்து போனால் பலகையில் அந்த முதுகு
வியர்வையாய்க் கிடக்கும்.
இருமுவான், வாயை மூடாமல், சிங்கம்போல.
வெறுத்தேன் அவனை, மறைப்பானேன்.
இரண்டு முறை பாதியில் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன்.
பேருந்திலும் இப்படித்தான்:
இருமுகிறவர்கள் ஏறுவார்கள், நான் கதவைத் திறந்தாக வேண்டும்.
இப்போது என்னைப் பணிமனையில்
கணக்கு எழுத உட்கார்த்தியிருக்கிறார்கள்.

நவம்பரில் ஒரு நாள்
கம்பி என் உள்ளங்கைக் காய்ப்பைக் கிழித்தது.
கடுகளவு ரத்தம்.
குழாயடியில் சோப்போடு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.
"இதுக்கா இவ்வளவு?" என்றான் தவுரி.
சொல்வதாக இல்லை. சொல்லிவிட்டேன்.
நாய், விருந்தாளி என்றெல்லாம் இல்லை,
மூன்றே வாக்கியம், கையில் நுரையோடு.
அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்,
எங்கோ திருடியது அதில் இருப்பதுபோல.
பிறகு ஒன்றும் பேசாமல்
மருந்துக் குப்பியை எடுத்துத் தன் பலகையைத் துடைத்தான்.
மோசமாகத் துடைத்தான்,
கரும்பலகை அழிக்கும் பள்ளிப் பையன்போல,
ஓரங்களை விட்டுவிட்டு.

இன்று ஆறரைக்கு அவன் வரவில்லை.
கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.
வெளியே பனியில், மைனஸ் பத்தொன்பதில்,
மூக்குவரை சால்வை.
தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினான்,
என் கம்பியைக் காட்டி
"தூக்கு, தூக்கு" என்று கையை உயர்த்தினான்,
போய்விட்டான்.
வீட்டிலேயே கிடந்திருக்கலாம், மடையன்.
அடுத்த பேருந்து ஆறு ஐம்பதுக்குத்தான்.
எனக்குத் தெரியும், ஒன்பது வருடம் நான் ஓட்டிய தடம்.

உறைபனிக் கண்ணாடியில்
ஐந்து விரலோடு ஒரு கை
உருகி நிற்கிறது.
துணியோடு எழுந்துவிட்டேன், பழக்கம்.
பிறகுதான் உறைத்தது:
அது வெளிப்பக்கம்.

உட்கார்ந்தேன்.
மூன்றாவது சுற்று பாக்கி இருந்தது.