இரண்டு நிமிட முகம்

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
மெரிகே கோட்டைக் கழற்றவில்லை.
"சீக்கிரம் முடிந்துவிடும்தானே?"

பில்விக்கு ஏழு மாதம்.
உயர நாற்காலியில் வார்ப்பட்டை பூட்டி உட்காரவைத்தேன்.
படிவத்தில் ஒரு கேள்வி: இரவில் தூங்க முடிகிறதா?
"தூங்குவது சுலபம்," என்றாள்,
"எழுவதுதான்."
அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

விதிகளை வாசித்துக் காட்டினேன்.
முதலில் வீட்டில் விளையாடுவது போல விளையாடுங்கள்.
மணி அடித்ததும் முகத்தை நிறுத்திவிடுங்கள்.
சிரிப்பு வேண்டாம், பேச்சு வேண்டாம்,
கண் மட்டும் குழந்தைமேல் இருக்கட்டும்.
இரண்டு நிமிடம்.
அடுத்த மணிக்குப் பழையபடி.

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
கால் விநாடிக்கு ஒரு குறி:
பார்வை, விலகல், சிணுங்கல், கை நீட்டல்.
அதுவரை இருபத்தாறு குழந்தைகள் பார்த்தாயிற்று.
முதலில் சிரித்துப் பார்ப்பார்கள்,
கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி.
பிறகு மேசையைத் தட்டுவார்கள்.
ஒரு பையன் காலுறையை உருவி
அம்மா நெஞ்சில் எறிந்தான்.
கடைசியில் அழுகை. அதற்கு ஒரு கட்டம் உண்டு,
தடித்த கோடு போட்டது.

மணி அடித்தது.
மெரிகேயின் முகம் நின்றது.
நின்றதா என்று
திரையில் பின்னோக்கி ஓட்டித்தான் தெரிந்துகொண்டேன்.
விளையாட்டு எங்கே முடிந்தது,
அசையாமை எங்கே தொடங்கியது,
நடுவில் கோடு கிழிக்க முடியவில்லை.

பில்வி சிரித்துப் பார்க்கவில்லை.
மேசையைத் தட்டவில்லை.
வார்ப்பட்டையின் நுனியை எடுத்து
வாயில் வைத்துக்கொண்டாள்.
எப்போதும் மூடியே கிடக்கும் கடை என்று தெரிந்தவர்கள்
கதவைத் தட்டுவதில்லை.

இரண்டாம் மணி.
"கூ... பில்வி!" என்று மெரிகே குரலை உயர்த்தியபோதுதான்
குழந்தை திடுக்கிட்டது.
அம்மாவை விட்டுத் திரும்பி
கண்ணாடியைப் பார்த்தது.
எனக்கு நேராக.

"சமத்தாக இருந்தாளா?
மற்றதெல்லாம் அழும் என்றீர்களே.
இவள் அழவே இல்லை, பார்த்தீர்களா?"
அன்று அவள் முகத்தில் ஏதோ ஒன்று
முதல்முறையாக ஏறி வந்தது.
பெருமைதான் அது.

எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்:
பெற்றோர் எதிரில்
முடிவுகள் முகத்தில் தெரியக் கூடாது.
நிறுத்திவைத்தேன்.
அவள் என் கண்ணைத் தேடினாள், உதட்டைத் தேடினாள்,
சிரித்துப் பார்த்தாள்.
எத்தனை விநாடி என்று யாரும் குறிக்கவில்லை.

எஸ்தோனிய மொழியில்
வருங்காலத்துக்கென்று வினைவடிவம் கிடையாது.
அழுகிறாள், அழுவாள், இரண்டுக்கும் ஒரே சொல்.
அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.
இனிமேல் என்று நினைத்துச் சொன்னேன்.
மெரிகே சட்டெனக் குனிந்து
பில்வியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
உலர்ந்திருந்தது.
விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அப்புறம் கோட்டைக் கழற்றினாள்.
தரையில் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன்.
கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன்.
அந்த நாற்பது நிமிடம் இன்னும்
பெயரில்லாத கோப்பாக எங்கேயோ கிடக்கிறது:
இரண்டு தலைகள், ஒரு நாற்காலிக் கால்,
மருத்துவமனை எண்ணை இரண்டு தடவை
தப்பாக எழுதும் என் கை.

ஏப்ரலில், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போனபின்
மறுபடி வந்தார்கள்.
மெரிகே மாத்திரையால் பருத்திருந்தாள்,
அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டாள்.
மணி அடித்தது.
பில்வி வார்ப்பட்டையை எடுத்தாள்.
பதினோரு விநாடி.
பட்டையைக் கீழே விட்டாள்.
மேசையில் ஒரு தட்டு.
சத்தம்கூட சரியாக வரவில்லை.
மறுபடி பட்டையை எடுத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு தட்டு.
ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
மேலாளர் கேட்டார்,
கை தவறிப் பட்டதாக இருக்கலாமே?
இருக்கலாம் என்றேன்.
குறியை அழிக்கவில்லை.