செயின் – 1

ஆனிக் காற்றில் சில்வர் ஓக் ஒன்று
மிளகுக் கொடியோடு
காப்பிச் செடிகள் மேல் சாய்ந்தது.
பதினோரு செடி.
இருபத்து மூன்று நாள் அப்படியே கிடந்தது.

அறுக்கிற குருசு
கும்பறையூரில் இருக்கிறேன் என்றான்,
பிறகு பாச்சலூரில் இருக்கிறேன் என்றான்,
பிறகு போனை எடுக்கவில்லை.
வந்திருந்தாலும் நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு,
பெட்ரோல் நம்முடையது,
மத்தியானக் கோழியும் நம்முடையது.

நானே ஒன்று வாங்குகிறேன் என்றதும்
தாண்டிக்குடி முழுக்க
எனக்கு அண்ணன்கள் முளைத்தார்கள்.
"இருபத்திரண்டு இஞ்ச் எடு தங்கச்சி, வெண்ணெய் மாதிரி இறங்கும்."
"பேட்டரியில வருதாம், சத்தமே இருக்காதாம்."
கரண்ட் இல்லாத ஊரில் அது சத்தமில்லாமல்தான் இருக்கும்.
"ஆன்லைன்ல ஏழாயிரம், கையுறை சும்மா."

ஏழாயிரம் ரூபாய் மெஷினைக்
கானல்காட்டில் பார்த்தேன், செல்லத்தாயி வீட்டில்.
கோழியை மூடிய கூடைமேல் பாரமாக இருந்தது.
"எட்டு நாள் ஓடுச்சு.
இப்ப நல்லா உக்காந்திருக்கு" என்றாள்.

வத்தலக்குண்டுக்கு முதல் பஸ்.
வளைவு இறங்க இறங்க
ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தேன்.
கடையில் எல்லாமே ஒரே இழுப்பில் உறுமின.
அந்த வெயிலில் எதுதான் உறுமாது.
மார்கழியில், காலை ஆறரைக்கு,
விரலே மடங்காத குளிரில்
எது ஸ்டார்ட் ஆகும் என்று கேட்டேன்.
கடைக்காரர் கேட்லாக்கின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
அபூதாகிர் பட்டறை.
எந்த நிறம் அதிகம் செத்துக் கிடக்கிறதோ
அதை வாங்கக் கூடாது,
இதுதான் என் கணக்கு.
தரையெல்லாம் ஆரஞ்சு.
கொக்கியில் ஆரஞ்சு, பெஞ்சுக்கடியில் ஆரஞ்சு.
பச்சை ஒன்றே ஒன்று.
மஞ்சள் இல்லவே இல்லை.
அப்போ மஞ்சள்தான் என்றேன்.

பிளக்கை ஊதிக்கொண்டே சிரித்தார்.
"மஞ்சளுக்குச் சாமான் கிடைக்காதும்மா.
போனா போனதுதான், யாரு இங்க தூக்கிட்டு வருவா?
இது படுத்திருக்குன்னா
எந்திரிக்கும்னு அர்த்தம்."

ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களை எண்ணிவிட்டுச்
சுடுகாட்டை எண்ண மறந்திருக்கிறேன்.

அவரே ஒன்றை எடுத்துத் துடைத்தார்.
பழசு. பதினான்கு இஞ்ச். நாலரைக் கிலோ.
கைப்பிடியில் ஆணியால் கீறிய பெயர்:
மகாலிங்கம், பெரும்பாறை.
"இவரு?"
"நல்லாருக்காரு. பெரிசா ஒன்னு வாங்கினாரு.
இப்ப முதுகுவலி."

நான் நாற்பத்தாறு கிலோ.
நிழல் கழிக்க, விழுந்ததைத் துண்டு போட,
வேலிக்கால் அறுக்க
என் தோள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு போதும்.
பதிமூன்றாயிரத்து ஐந்நூறு.
புதுச் செயினும் அரமும் தனி.
"ஆயில் லிட்டருக்கு நாப்பது மில்லி.
கண்ணளவுல ஊத்தினீங்கன்னா
திரும்ப என்கிட்டதான் வரணும்."

மலையேறும் பஸ்ஸில் பர்ஸைத் திறந்தேன்.
நகைக்கடன் கொடுத்த சங்கத்துச் சீட்டில்
செயின் – 1.
அபூதாகிர் சீட்டிலும்
செயின் – 1.
காப்பி எடுத்து முடிப்பதற்குள்
ஒன்று மற்றொன்றை மீட்டாக வேண்டும்.

மறுநாள் காலை மூடுபனி.
முதல் இழுப்பு, இல்லை.
இரண்டு, இல்லை.
வேலிக்கு அப்பால் அண்ணன்மார் இருவர்
பல்குச்சியோடு நின்றார்கள்.
மூன்று. சோக்கைத் தள்ளி,
காலால் மிதித்து, நாலு.
பள்ளத்தில் மேய்ந்த காட்டுமாடு
தலையைத் தூக்கிப் பார்த்தது.

நுனியிலிருந்து வந்தேன்.
கிளை, கிளை, பிறகு தடி.
தூள் என் ரவிக்கைக்குள்ளும் போனது.
பதினொன்றில் நாலு செடி நிமிர்ந்தது.
குருசு இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான்,
கேட்கவில்லை.

அடிமரத்துக்கு வந்தபோது
மிளகுக்கொடி, விழுந்தது தெரியாததுபோல்
பட்டையைப் பிடித்துக்கொண்டு
புதுத் திரி விட்டிருந்தது.
மெஷினை அணைத்துவிட்டுக்
கத்தியைத் தேடிப் போனேன்.