காத்தாடிக்குள் ஆள்

ஞாயிற்றுக்கிழமை. தரையில் நடக்கிற நாள்.
பணகுடியில் ஏறி வேய்ந்தான்குளத்தில் இறங்கி
பசுமை வாழ்வுக் கண்காட்சி எங்கே என்றோம்.
"டீசல் சத்தம் கேக்குல்லா, அந்தால போங்க"
என்றார் ஆட்டோக்காரர்.

மண்டபத்துக்கு முன்னால் மூங்கில் வளைவு,
பின்னால் ஜெனரேட்டர்.
வாசலில் ஆளுக்கொரு விதைப் பேனா.
மை தீர்ந்ததும் மண்ணில் ஊன்றினால் கத்தரி முளைக்குமாம்.
சுயஉதவிக் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டே
தீர்ந்துவிடும், கத்தரிக்குக் கவலையில்லை.

அருள்கனி மண்புழு உரத்திலேயே நின்றுவிட்டாள்.
கைவிட்டுக் கிளறி, மோந்து பார்த்து,
"கிலோ முப்பதா? எங்க வீட்டுக் குப்பைய
சும்மாவே தாரேன், வந்து அள்ளிக்கிடுதீங்களா?"
கடைக்காரர் சிரித்தபடி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் நின்றது பதினேழாவது மேசையில்.

கண்ணாடிப் பெட்டிக்குள் என் காத்தாடி.
முழங்கை உயரம். வெள்ளை. மூன்று இறக்கை.
அடியில் பஞ்சுப் புல், தீப்பெட்டி வீடு, ஒரு மாடு.
காற்றே புகாத பெட்டிக்குள்
ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். வெகுநேரம்.
கதவைக் காணோம்.

முப்பிடாதி சாவியைத் திருகி
தோளால் இடித்துத் திறக்கிற கதவு.
கதவு இல்லையென்றால் ஏணி இல்லை.
ஏணி இல்லையென்றால்
இருநூற்று அறுபத்தெட்டுப் படி இல்லை,
நூற்றி நாற்பதில் நின்று முழங்காலை வைவது இல்லை,
உச்சியில் கியர்பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு
கிரீஸ் விரலோடு பிரிக்கிற எலுமிச்சைச் சாதம் இல்லை.

"சார், இது ஒண்ணு எத்தன வீட்டுக்குக்
கரண்ட் குடுக்கும் தெரியுமா?"
கழுத்து அட்டையில் ஹர்ஷினி, இரண்டாம் ஆண்டு.
தெரியாது என்றேன்.
தெரிந்ததைச் சொன்னேன்:
ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு வருகிற நாளில்
போன் வரும். நிறுத்து.
கம்பியில் இடமில்லையாம்.
நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்திருப்போம்.
யார் வீட்டுக்கோ ஆன காற்று
எங்கள் சட்டையை உப்பவைத்துவிட்டுப் போகும்.

அவள் குறிப்பேட்டை மூடினாள்.
கொஞ்சம் தயங்கி,
"அவ்ளோ நேரம் மேல இருந்தா... பாத்ரூம்?"

பாட்டில், என்றேன்.

அவளுக்குப் பின்னால் பலகை:
ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாட்டிலை ஒழிப்போம்.
கீழே உறுதிமொழிக்கு இடம்.
என்னுடையது ஒரு லிட்டர், ஆரஞ்சு நிற மூடி,
சித்திரையில் எடுத்தது, ஐப்பசி வரை ஓடும்.
நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது டீசல் தீர்ந்தது.
விளக்கு, சிறுதானியக் கூழ் மிக்ஸி,
பேசிக்கொண்டிருந்த மைக்,
எல்லாம் நின்றன. என் காத்தாடியும்.
மேசைக்கடியில் ஓடிய ஒயரை
அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள்.
யாரோ கெக்கலித்தார்கள்.
அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை.
"நிக்கிறதுல ஒண்ணும் கேவலம் இல்ல தாயி.
நின்னாத்தான் நாங்க ஏற முடியும்."

அவள் பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.
கத்தரிப் பேனாவால்
கோபுரத்தின் அடியில், நகத்தளவு,
ஒரு கதவு வரைந்தேன்.
கைப்பிடிக்கு ஒரு புள்ளி.
ஊதி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே
பின்னால் ஜெனரேட்டர் உறுமி
இறக்கை அசைந்தது.
"ஏய், நிறுத்து, உள்ள ஆளு" என்று
தொண்டைவரை வந்துவிட்டது எனக்கு.

திரும்புகிற பஸ்ஸில் அருள்கனி மடியில்
இரண்டு கிலோ, துணிப்பையில், கொஞ்சம் ஈரமாக.
வள்ளியூர் தாண்டியதும் இருட்டில்
ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்குகள்.
நான் எண்ணத் தொடங்கினேன், அது என் பழக்கம்.
"இதுக்குள்ள எத்தன புழு இருக்கும்?" என்றாள்.
"இறங்கினதும் எண்ணிப்பாரு."
"நீங்க எண்ணுங்க, நீங்கதான படிய எண்ணுத ஆளு"
என்று பையை என் மடிக்கு மாற்றிவிட்டுத் தூங்கிப்போனாள்.